பதினோராம் வட்டத்துக்கு வராத அம்பு

ஜூன் 2, ஞாயிறு

எனக்கு இழைக்கப்பட்ட அநீதியை முதலில் எழுதிவிடுகிறேன். செண்பக நகர் சி பிளாக்கில் பதினாறு வீடுகள் உள்ளன. என் வீடு நீங்கலாக மீதிப் பதினைந்தில் ஒருவர்கூட, அவசரத்துக்குக் கூப்பிடத் தகுந்த ஆள் என்று என் பெயரைச் சொல்லவில்லையாம். இதை ஒரு கல்லூரியின் சமூகவியல் துறை ஆராய்ந்து கண்டுபிடித்து, பெரிய வெள்ளை அட்டையில் படமாக வரைந்து, இன்று எங்கள் மாடிப்படி அறிவிப்புப் பலகையில் மாட்டியிருக்கிறது.

போன மாதம் பேராசிரியை அமலோற்பவம் தன் மாணவர்களோடு வீடு வீடாக வந்தார். "அவசரம்னா இந்த பிளாக்ல யாரைக் கூப்பிடுவீங்க? வரிசையா மூணு பேர் சொல்லுங்க" என்று கேட்டார். எல்லோரும் சொன்னோம். அதைத்தான் படமாக்கியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வட்டம். நாம் யாரைச் சொன்னோமோ அவர் வட்டத்துக்கு நம் வட்டத்திலிருந்து ஓர் அம்பு. வட்டத்துக்குள் பெயர் கிடையாது. வீட்டு எண்ணும் கிடையாது. குலுக்கிப் போட்ட ஓர் எண். அவரவர் எண்ணை அவரவருக்கு மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். என் எண் பதினொன்று.

பதினோராம் வட்டத்திலிருந்து அம்புகள் புறப்படுகின்றன. வந்து சேர்ந்தது ஒன்றுமில்லை. பேருந்து நிற்காத நிறுத்தம் போல இருக்கிறது அந்த வட்டம்.

பேராசிரியை எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். நான் வாங்கவில்லை. "இந்தப் படம் தப்பு" என்றேன். "பக்கத்துல வந்து நல்லாப் பாருங்க ஐயா" என்றார். அத்தனை பேர் முன்னால், எழுபத்தொரு வயதுக்காரனிடம். எடையளவு முத்திரை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் உதவியாளனாக இருந்தவன் நான். சந்தைச் சந்தையாகத் தராசு முள்ளைப் பார்த்த கண் இது.

கூட்டம் கலைந்ததும் அட்டையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இது திருட்டு அல்ல. சந்தேகத்துக்குரிய எடைக்கல்லைச் சோதனைக்காக எடுத்து வைத்துக்கொள்வது நடைமுறை.

ஜூன் 3, திங்கள்

காலை, கண் மருத்துவமனை. இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். வலது கண்ணிலும் பாதி வந்துவிட்டதாம். இடது கண்ணுக்கு இருபத்தைந்தாம் தேதி அறுவை சிகிச்சை. கூட ஓர் ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஆள் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று நர்ஸ் சொன்னார். படிவத்தில் 'உடன் வருபவர் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். கட்டம் மிகச் சிறியது.

நாக்பூரிலிருந்து மகள் உலகம்மை பேசினாள். புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "லீவு கேட்டுப் பாக்கட்டுமாப்பா? நீங்க தனியா என்ன செய்வீங்க?" என்றாள். "தனியா எங்க இருக்கேன்? பதினஞ்சு வீடு இருக்கு. நான் நீன்னு வருவாங்க" என்றேன்.

மதியம் ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூன் 5, புதன்

மாவட்ட நூலகத்திலிருந்து அட்டை கிழிந்த சமூகவியல் பாடநூல் ஒன்றை எடுத்து வந்தேன். நான் பள்ளியில் படித்தது எட்டாம் வகுப்பு வரை. அதற்கு மேல் படித்ததெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமல் படித்தது. ஆகவே உறுதியாக நிற்கும்.

சமூகம் என்பது ஆட்களின் கூட்டம் அல்லவாம். ஆட்களுக்கு நடுவே உள்ள உறவுகளின் பின்னலே சமூகமாம். அப்படியானால் பதினாறு வட்டங்கள் சமூகம் இல்லை, அம்புகள்தான் சமூகம். இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

பிறகு நம்பகத்தன்மை, செல்லுபடித்தன்மை என்று இரண்டு வருகின்றன. ஐம்பது கிராம் குறைவாக நிறுக்கும் தராசில் பத்து முறை வைத்தாலும் ஒரே எடையைத்தான் காட்டும். அது நம்பகத்தன்மை. ஆனால் எடை தப்பு, எனவே செல்லாது. இதை நான் பாளையங்கோட்டைச் சந்தையில் ஒரு புளி வியாபாரியிடம் அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். பெயர்தான் தெரியாமல் இருந்தது.

இப்போதெல்லாம் அச்சில் மையே போடுவதில்லை. வராந்தாவில் வெயிலில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்குக் கருதுகோள் வேண்டும். எழுதிவிட்டேன்: 'பதினோராம் வட்டத்துக்கு அம்பு வந்தது. கல்லூரி அதைத் தொலைத்துவிட்டது.'

ஜூன் 7, வெள்ளி

பங்கேற்று உற்றுநோக்கல். அதாவது மக்களோடு மக்களாக இருந்துகொண்டே அவர்களைக் கவனிப்பது. காலை ஏழு மணிக்கு முதல் மாடிப் படியில் நோட்டோடு உட்கார்ந்தேன்.

எதிர்வீடு, எட்டாம் எண், பீர்பாத்து. அறுபது வயதிருக்கும். ஜாக்கெட் தைக்கும் பெண்மணி. ஐந்து வருடத்துக்கு முன் பொது நடையில் செருப்பு ரேக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நான் டேப் வைத்து அளந்து, நடையின் சரிபாதியில் சாக்பீஸால் கோடு போட்டேன். ரேக் கோட்டைத் தாண்டி நான்கு அங்குலம் என் பக்கம் வந்திருந்தது. இன்றுவரை நகர்த்தவில்லை. சனிக்கிழமைதோறும் நான் கோடு போடுகிறேன். திங்கட்கிழமை அவர் தரை துடைக்கையில் அழிந்துவிடுகிறது.

"என்ன அண்ணாச்சி, படியில உக்காந்திருக்கீய? சாவியத் தொலைச்சிட்டீயளா?"

"உற்றுநோக்குகிறேன்."

"யாரை?"

"எல்லாரையும்."

"நல்லது. அப்ப இந்தப் பாலையும் பாத்துக்கிடுங்க, அடுப்புல வச்சிட்டு வந்துட்டேன். கீழ போயி கருவேப்பில வாங்கிட்டு வாரேன்."

பார்த்துக்கொண்டேன். பொங்கும் நேரத்தில் அணைத்தேன். ஆய்வாளர் தலையிடக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் பால் மனிதர் அல்ல.

நோட்டைப் பார்த்ததும் எல்லோரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு இறங்குகிறார்கள். மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் எனக்கு வணக்கம்கூடச் சொன்னார். கவனிக்கப்படுகிறவர்கள் இயல்பாக இருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான்.

ஜூன் 8, சனி

கோடு போட்டேன். சாக்பீஸ் மட்டம். கோணல்மாணலாக வருகிறது.

ஜூன் 10, திங்கள்

கணக்கெடுப்பு. மாதிரி எடுத்தல் என்ற சோம்பேறித்தனம் எனக்குப் பிடிக்காது. பதினைந்து வீடுகளுக்கும் போனேன். வினாக்கள் இரண்டு. ஒன்று, பேராசிரியை சீட்டில் கொடுத்த ரகசிய எண் என்ன? இரண்டு, இந்தக் குடியிருப்பில் கடைசியாக யாரோடு சண்டை போட்டீர்கள்? உறவு இருக்கும் இடத்தில்தான் பிணக்கு இருக்கும் என்கிறது பாடநூல். பேராசிரியை ஒரு தட்டை மட்டும் நிறுத்திருக்கிறார். நான் மறுதட்டையும் நிறுத்துப் பார்க்கிறேன்.

மூன்றாம் எண் ஜெபசிங், சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். நான் நிற்பதைப் பார்த்ததுமே உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே பேசினார்.

"எம் எண்ணு ரெண்டு. போதுமா வே?"

"கடைசியாக யாரோடு சண்டை?"

"இப்ப நடந்துக்கிட்டிருக்கத என்னன்னு எழுதுவீரு?"

என் பெயரை எழுதிக்கொண்டேன். பத்தாம் எண் வீட்டு எஸ்தர், என் பெயர். பதினோராம் எண் வீட்டுக் கோமதி, என் பெயர். பதினைந்தாம் எண்ணில் புதிதாகக் குடிவந்த தம்பதி. "நாங்க யார்கிட்டயும் சண்டை போட்டதில்ல சார்" என்றார்கள். ஒன்றும் செய்யப்படாமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒதுக்கி வைக்கும் கூட்டத்துக்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். இவர்களை அப்படி வைத்துக்கொள்ளலாம் என்று மகிழ்ந்தேன். வரும்போது, மாடிப்படி அடியில் சைக்கிளை ஏன் குறுக்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பதிலைத் திருத்தச் சொன்னார்கள். என் பெயர். கட்டுப்பாட்டுக் குழு கெட்டுவிட்டது.

கடைசியாக எட்டாம் எண்.

"எனக்கு நாலு. சண்டையா? யார்கூடவும் இல்ல அண்ணாச்சி."

"அந்த ரேக்?"

"அது சண்டையா? அஞ்சு வருசமா நடக்கு. அதுக்குப் பேரு பழக்கம்."

பொய்ப் பதில். பதினைந்தில் பதினான்கு பேர் என் பெயரைச் சொல்லியிருக்கும்போது இவர் மட்டும் சொல்லாதது கணக்கைக் கெடுக்கிறது. கேட்பவருக்குப் பிடித்த மாதிரி பதில் சொல்வது என்ற குற்றத்தைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தப் பதில் பிடித்தது என்று யார் சொன்னது?

ஜூன் 11, செவ்வாய்

என் மோட்டார் முறை. கிணற்று மோட்டார் அறைக்கு ஒரே சாவி. ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று வரிசையாக, அன்றைய வீட்டார் தொட்டியை நிரப்பி மறுநாள் காலை அடுத்த வீட்டுக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும். பதினாறு நாளைக்கு ஒரு முறை எனக்கு வரும். எட்டாம் எண்ணுக்கு நான் கொடுக்க வேண்டும். கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்துவிடுவேன். ஐந்து வருடமாகத் தட்டுவதில்லை.

ஜூன் 12, புதன்

சாவியை மாட்டினேன்.

பேராசிரியைக்கு நான் எழுதிய மூன்று பக்கப் புகாருக்குப் பதில் வந்திருக்கிறது. நான்கே வரி. 'ஐயா, தரவு விடுபடவில்லை. முதல் பெயருக்கும், இரண்டாம் பெயருக்கும், மூன்றாம் பெயருக்கும் வெவ்வேறு நிறத்தில் அம்புகள் உள்ளன. மூன்று நிறங்களையும் வெளிச்சத்தில் பார்க்கவும். அட்டையைத் திருப்பித் தரவும்.'

மூன்று நிறமாம். அட்டையைச் சன்னலோரம் வைத்து ஒவ்வோர் அம்பாக எண்ணினேன். சிவப்பு பதினாறு. பச்சை பதினாறு. வேறொன்றுமில்லை, வெள்ளை அட்டைதான். ஒவ்வொரு வீடும் மூன்று பேரைச் சொன்னது. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் இரண்டு அம்புகள்தான் கிளம்புகின்றன. அதாவது நாற்பத்தெட்டு அம்புகளில் பதினாறைக் கல்லூரி விழுங்கிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு! கிலோவுக்கு முந்நூற்று முப்பத்து மூன்று கிராம் குறைக்கிற வியாபாரியை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை.

ஜூன் 13, வியாழன்

ரகசிய எண்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஆகவே படத்தை முழுப் பெயர்களோடு புதிதாக வரைந்து, 'உண்மை நிலை' என்று தலைப்பிட்டு, காலை ஆறு மணிக்குப் பலகையில் ஒட்டினேன். முப்பத்திரண்டு அம்புகள். கீழே 'பதினாறு அம்புகளைக் காணவில்லை' என்று சிவப்பில் எழுதினேன். பதில் சொன்னவர்களின் பெயரை வெளியிடக் கூடாது என்று பாடநூலில் ஆய்வு அறம் என்றொரு பகுதி இருக்கிறது. அது கல்லூரிக்காரர்களுக்கு. நான் பாதிக்கப்பட்டவன்.

என் அம்புகளைப் போடுவதா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். ஊரார் தராசுக்கு முத்திரை வைக்கிறவன் தன் வீட்டுத் தராசை ஒளிக்கக் கூடாது. போட்டுவிட்டேன். என் வீடான ஏழாம் எண்ணிலிருந்து பச்சை அம்பு ஜெபசிங்குக்கு. சிவப்பு அம்பு, அதாவது முதல் பெயர், எட்டாம் எண்ணுக்கு. காரணம் தூரம். என் கதவிலிருந்து அவர் கதவு ஆறடி. வேறு காரணம் எதுவும் ஆய்வில் தென்படவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இரண்டாம் மாடியில் பெரும் சத்தம். எஸ்தரும் கோமதியும் ஒன்பது வருடமாக ஒரே பாயில் வடகம் காயப்போடுகிறவர்கள்.

"ஏட்டி எஸ்தரு, நான் ஒன் பேர மொதல்ல சொல்லிருக்கேன். நீ எம் பேரச் சொல்லவே இல்லியாக்கும்?"

"சொன்னேன் கோமு! மூணாவதாச் சொன்னேன். சத்தியமா!"

"படத்துல எங்க இருக்கு? காட்டு பாப்போம்."

"அந்த மனுசன் வரைஞ்சது ஒரு படமா?"

"மொத ரெண்டு பேரு யாருட்டி? கார் வச்சிருக்கவங்களா?"

நான் படியேறிப் போய், படம் பொய் சொல்லாது என்று விளக்கினேன். இருவரும் கதவை ஒரே நேரத்தில் சாத்தினார்கள். ஒற்றுமை முழுவதும் அழிந்துவிடவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

ஜூன் 15, சனி

இன்று எஸ்தர் கோமதிக்குச் சாவி கொடுக்க வேண்டிய நாள். "அவ வந்து கேக்கட்டும்" என்கிறார் எஸ்தர். "அவ கொண்டாந்து தரட்டும்" என்கிறார் கோமதி. ஜெபசிங் போய்ச் சாவியைக் கேட்டால், "ஒங்களுக்கு ஒம்பது அம்பு வந்திருக்குல்லா, அதுல தண்ணி எறைங்க" என்று எஸ்தர் கதவைச் சாத்திவிட்டார். மற்ற வீடுகளிலும் இப்படித்தான். நீ என்னைச் சொல்லவில்லை, நான் உன்னைச் சொன்னேன் என்று ஆறு சண்டைகள்.

தொட்டி காலி. கோடு போட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

தண்ணீர் இல்லை. குளிக்கவில்லை. புறநிலை நோக்கோடு இருக்கிறேன்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். பீர்பாத்து தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து மாடியேறினார். விருந்தாட்கள் வரும் நாள். பார்த்துக்கொண்டிருந்தேன். பங்கேற்று உற்றுநோக்கலில் பங்கேற்பும் உண்டு. ஆறு குடம் சுமந்தேன். எத்தனையாவது படி என்று சரியாகத் தெரியாமல் ஒரு முறை கால் தட்டியது. படிகள் சமமாகக் கட்டப்படவில்லை.

"இறக்கி வைங்க அண்ணாச்சி. விழுந்து வைக்காதீய, பெருநாளும் அதுவுமா."

"இது ஆய்வு."

"சரி, ஆய்வ அந்தப் பக்கம் ஊத்துங்க, அண்டா நெறைஞ்சிட்டு."

மதியம் அவர் வீட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழமும் சர்பத்தும் வந்தன. நான் கறி சாப்பிடுவதில்லை என்பதால் வருடாவருடம் இப்படித்தான் வரும். இது சமூக நெறி. எல்லோருக்கும் பொதுவானது. உறவுக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

மொட்டை மாடியில் அவசரக் கூட்டம். பதினாறு வீடும் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபசிங் எழுந்தார்.

"வே நயினாரு, நாலு நாளா குடிக்கத் தண்ணி இல்ல. ஒம்ம படத்தால வந்த வினை. என்ன சொல்லுதீரு?"

நான் என் இரண்டாவது படத்தை விரித்தேன். சண்டைப் படம். பதினைந்து வட்டங்கள் சுற்றிலும், நடுவில் நான். பதினான்கு அம்புகள், பதினான்கும் என்னை நோக்கி.

"கல்லூரி என் வட்டத்தைத் தனி வட்டம் என்று காட்டியது. உண்மை என்ன? இந்தக் குடியிருப்பில் மிக அதிக அம்பு பெற்றவன் நான். உங்கள் செயலாளருக்கு ஒன்பது. எனக்குப் பதினான்கு. இந்த பிளாக்கின் மையம் நான்தான்."

பிறகு கோமதி தலையைத் திருப்பாமலே எஸ்தரிடம் சொன்னார்.

"கேட்டியாட்டி, மையமாம்."

"ஆமா கோமு. அன்னைக்கு வடகத்துல காக்கா வந்ததுக்கு எனக்கு நோட்டீஸ் எழுதி ஒட்டுன மையம்."

"எனக்கு மட்டும் என்ன, கோலப்பொடி படிக்கு வந்துட்டுன்னு ரெண்டு நோட்டீஸ்!"

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தார். முக்கால் மணி நேரம் என்னைத் திட்டினார்கள். எஸ்தர் சொல்ல மறந்ததைக் கோமதி எடுத்துக் கொடுத்தார். பதினைந்தாம் எண்காரர்கள்கூடச் சைக்கிள் விஷயத்தைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள். கடைசியில் எல்லோரும் சிரித்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு இருந்தார்கள். சாவி எஸ்தர் கையிலிருந்து கோமதி கைக்குப் போனது. ஒரு குழு தன்னைக் குழுவாக உணர வெளியே ஓர் ஆள் தேவைப்படுகிறான் என்று பாடநூலில் உள்ளது. அந்தச் சேவையை நான் இலவசமாகச் செய்திருக்கிறேன்.

பிறகு தீர்மானம் போட்டார்கள். நெறி மீறியவர் மீது குழு எடுக்கும் நடவடிக்கை. இனி மோட்டார் சாவி ஏழாம் எண் வீட்டுக்கு வராது. ஆறாம் எண்ணிலிருந்து நேராக எட்டாம் எண்ணுக்குப் போகும். பீர்பாத்து மட்டும் கை தூக்கவில்லை. அவர் கூடை பின்னிக்கொண்டிருந்தார், கை காலியாக இல்லை.

"அண்ணாச்சி, அந்தக் கல்லூரிப் படத்த ஒழுங்காப் பாத்தீயளா?" என்று இறங்கும்போது கேட்டார்.

ஜூன் 19, புதன்

யாரோடும் பேசவில்லை. யாரும் பேசவுமில்லை. எது முதலில் நடந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 21, வெள்ளி

மருத்துவமனையிலிருந்து போன். "கூட வர்றது யாருங்க ஐயா?" நான் இரண்டு முறை "ஏற்பாடு நடக்கிறது" என்று சொன்னேன். "திங்கக்கிழமைக்குள்ள பேர் சொல்லணும், இல்லன்னா வேற ஆளுக்கு நேரம் குடுத்துருவோம்."

உலகம்மையும் பேசினாள். "யாருப்பா கூட வர்றாங்க?" "நிறைய பேர். யாரைக் கூட்டிப் போவது என்றுதான் குழப்பம்" என்றேன்.

எங்கள் சுவர்கள் மெலிதானவை. நான் போனில் சற்று உரக்கப் பேசுவேன்.

ஜூன் 24, திங்கள்

தரை துடைக்கும் நாள். பீர்பாத்து துடைப்பமும் வாளியுமாக என் வாசலில் நின்றார்.

"நாளைக்கு எத்தன மணிக்கு?"

"எது?"

"கண்ணு."

"எனக்கு யாரும் வேண்டாம்."

"ஒங்களுக்காக யாரு வாரா? எனக்குச் சர்க்கரை. கண்ணு பாக்கணும்னு டாக்டர் சொல்லி ஒரு வருசம் ஆச்சு. ஆட்டோல எடம் இருக்கும்லா, ஒட்டிக்கிடுதேன்."

"ரேக் விஷயத்தில் எந்த மாற்றமும் இருக்காது."

"யாரு கேட்டா? இங்க வந்து பாருங்க." தரையைக் காட்டினார். "நடையில போடுத கோட்ட இந்தத் தடவ ஒங்க வாசப்படி மேல போட்டிருக்கீய. ரேக்கு இப்ப முழுசா எம் பக்கம். அழிக்க மனசு வரல."

குனிந்து பார்த்தேன். சாக்பீஸ் மட்டம்.

"படத்துல என்ன மொதல்ல சொல்லிருக்கீயளாமே" என்றார், துடைத்துக்கொண்டே.

"ஆறடி தூரம். அதனால்."

"அதான் நானும் நெனச்சேன்."

மருத்துவமனைக்குப் போன் செய்து பெயர் சொன்னேன். எட்டரை மணி என்று அவரிடம் சொன்னேன்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று எழுதக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதவில்லை.

ஜூன் 26, புதன்

கட்டு அவிழ்த்தார்கள். நேற்று நடந்ததை வலது கண்ணால் எழுதுகிறேன். சேர்க்கைப் பிரிவில் நர்ஸ் பீர்பாத்துவிடம் கேட்டார்.

"நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

"எதுத்த வீடு."

"அது உறவு இல்லம்மா. இதுல போட முடியாது."

"அப்ப சண்டக்காரின்னு போடுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ."

நர்ஸ் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு 'தங்கை' என்று எழுதினார். தவறான பதிவு. திருத்தச் சொல்லி எழுந்தேன். அதற்குள் சொட்டு மருந்தை ஊற்றிக் கண்ணை மூடச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்தபோது அதே பெஞ்சில் கூடை பின்னிக்கொண்டிருந்தார். தன் கண்ணைக் காட்ட மறந்துவிட்டாராம்.

ஜூன் 27, வியாழன்

காலை ஏழு மணி. கல்லூரிப் படத்தைத் திருப்பி அனுப்பக் காகிதம் சுற்றும்போது, சன்னல் வெயிலில் இடது கண்ணால் ஒரு முறை பார்த்தேன்.

மஞ்சள்.

எலுமிச்சை மஞ்சளில் அட்டை முழுவதும் அம்புகள். எண்ணினேன். பதினாறு. வலது கண்ணால் பார்த்தால் இல்லை. இடது கண்ணால் பார்த்தால் இருக்கின்றன. ஐந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நம்பகத்தன்மை உறுதியானது.

எஸ்தரிடமிருந்து கோமதிக்கு ஒரு மஞ்சள் அம்பு போகிறது. மூன்றாவதாகச் சொன்னேன் என்று அவர் சொன்னது உண்மை.

பதினோராம் வட்டத்துக்கு ஓர் அம்பு வந்திருக்கிறது. நான்காம் வட்டத்திலிருந்து. நான்கு யார் என்பது என் நோட்டில் இருக்கிறது. ஆனாலும் நோட்டைத் திறந்து பார்த்தேன்.

கருதுகோள் நிரூபிக்கப்பட்டது.

ஜூலை 1, திங்கள்

காலை ஆறே கால். கதவு தட்டும் சத்தம். பீர்பாத்து கையில் மோட்டார் சாவி.

"ஆறாம் நம்பர் வீட்டுல எங்கிட்ட தந்துட்டாவ. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. இன்னைக்கு ஒங்க நாளு."

"இது தீர்மானத்துக்கு விரோதம்."

"அப்ப நோட்டீஸ் ஒட்டுங்க. மொதல்ல சொட்டு மருந்து விட்டாச்சா?"

மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இனி நடக்க வேண்டியவற்றை எழுதி வைக்கிறேன்.

பேராசிரியை அமலோற்பவம், இனி எந்த ஆய்விலும் மஞ்சள் பேனாவைப் பயன்படுத்தக் கூடாது. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களும் சமூகத்தில் இருக்கிறார்கள். அட்டை பதிவுத் தபாலில் வரும். மன்னிப்பை அவர் தபாலிலேயே அனுப்பலாம்.

ஜெபசிங், ஏழாம் எண்ணை விலக்கிய தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும். இன்று அது மீறப்பட்டுவிட்டதால் எப்படியும் செல்லாது.

எஸ்தரும் கோமதியும் பலகையில் நான் ஒட்டப்போகும் திருத்தத்தைப் படிக்க வேண்டும். தப்பாக முத்திரை வைத்தால் அதே சந்தையில் வைத்து உடைக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. 'முந்தைய படத்தில் பதினாறு அம்புகள் விடுபட்டன. பிழை கண்புரையினுடையது' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத வராது.

பதினைந்தாம் எண்காரர்கள் சைக்கிளை நகர்த்த வேண்டும். இதில் மாற்றம் இல்லை.

உலகம்மை கவலைப்படாமல் வேலையைப் பார்க்க வேண்டும். வலது கண்ணுக்கு ஆகஸ்டில் தேதி கொடுத்திருக்கிறார்கள். படிவத்தில் பெயர் எழுதிவிட்டேன். கட்டம் போதுமான அளவில்தான் இருக்கிறது.

பீர்பாத்து தன் கண்ணை இந்த மாதத்துக்குள் காட்டியாக வேண்டும். ஆட்டோவில் இடம் இருக்கும். மேலும், ஆறடி தூரத்தில் இருப்பவனை மூன்றாவதாகச் சொன்னதற்கு அவர் காரணம் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால், அடுத்த ஆய்வுக்குள் ஒருவரையாவது கழிக்க வேண்டும்.

நான், மோட்டார் அறையைப் பூட்டி, நாளைக் காலை ஆறு மணிக்குச் சாவியை எட்டாம் எண்ணில் கொடுக்க வேண்டும். கைப்பிடியில் மாட்டக் கூடாது. கதவைத் தட்ட வேண்டும்.